சிவப்பு இன்னும் முடிவாகவில்லை

முடிந்துபோன காரியத்தில் என்ன பெருமை இருக்கிறது? நாலு பேர் கைதட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். முடியாமல் கிடக்கும் காரியம்தான் மனிதனைக் கடைசிவரை கைவிடாமல் காப்பாற்றுகிறது. இந்த மாபெரும் உண்மையைத் தனியொரு மனிதராக, சொந்த வீட்டில், சொந்தச் செலவில் நிலைநாட்டியவர் ஓய்வூதிய அலுவலகத்தின் கண்காணிப்பாளர். வீட்டில் அவர் வகித்த பதவி இன்னும் பெரியது. அவர் வீடியோ கேம் பெட்டித் திட்டத்தின் இயக்குநர்.

சின்ன வயதில் கடைத்தெருவில் காசு போட்டு, நின்றுகொண்டே விளையாடிய ஆளுயரப் பெட்டி ஒன்று அவர் நினைவில் இருந்தது. அச்சு அசலாக அதே மாதிரி ஒன்றைத் தன் கையாலேயே செய்து வீட்டில் வைப்பது என்பதே திட்டம். அதற்காகப் பின்பக்க அறை "தற்காலிகமாக" எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த அறைக்காகத்தான் அந்த வீட்டையே வாங்கினார்கள். மனைவி பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள். அங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று நினைத்திருந்தாள். அறை போனதும் சாப்பாட்டு மேஜைக்குக் குடிபெயர்ந்தாள். வந்த விருந்தாளிகள் தட்டுக்குப் பக்கத்தில் யாருடைய சிரிப்போ கிடப்பதைப் பார்த்து, பசியில்லை என்று எழுந்து போனதுண்டு.

திட்டம் அசுர வேகத்தில் நடந்தது. பக்கப் பலகையின் வளைவு அறுக்கப்பட்டு, "கொள்கை அளவில்" ஏற்கப்பட்டு, மறுபடி அறுக்கப்பட்டது. ஜாய்ஸ்டிக் வந்தால் இயக்குநர் அதைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்ப்பார். "டக்" என்று கேட்க வேண்டும். "டிக்" என்று கேட்டால் வந்த வழியே திரும்பிப் போகும். புதுப் பலகையை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கும் பணி ஞாயிறுதோறும் நடந்தது. முன்பக்கத்தை அவர் வியர்க்க விறுவிறுக்கப் பழசாக்கிக்கொண்டிருக்க, பின்பக்கம் யார் தயவும் இல்லாமல் தானாகவே பழசாகிக்கொண்டிருந்தது.

தேய்த்து முடித்ததும் ஆய்வுக் கூட்டம். மனைவி கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.

"இப்ப என்னங்க பாக்கி?" என்றாள் அவள், கையில் ஒரு கீழ்வரிசைப் பல்லை வைத்துக்கொண்டு.

"சுடுற பட்டன். அந்தச் சிவப்பு இன்னும் முடிவாகல."

"சிவப்புன்னா சிவப்புதானே?"

இயக்குநர் பரிதாபமாகச் சிரித்தார். "அன்னிக்கு இருந்தது ஊரே விரலை வெச்சு மங்கிப்போன சிவப்பு. இது கடைச் சிவப்பு."

"அப்ப எப்பதாங்க முடியும்?"

"முடியறதுங்கறது ஒரு கட்டம்தாம்மா. அதுக்குப் போய் அவசரப்படக் கூடாது."

கூட்டம் இனிதே நிறைவுற்றது. அந்த வீட்டில் நேரத்துக்கு முடிந்தவை கூட்டங்கள் மட்டுமே.

இதற்கிடையில் பின்னறைத் தூளும், ஒரு நாள் தெளித்த கறுப்புப் பெயின்டும் கதவிடுக்கு வழியாகச் சாப்பாட்டு மேஜைவரை நடந்து வந்தன. பல் மருத்துவர் போன் செய்தார்.

"ஏம்மா, அந்த ரிட்டயர் ஆன தபால்காரருக்குச் செஞ்ச செட்டுல முன்பல்லுல ஒரு கறுப்புப் புள்ளி. புதுப் பல்லுலயே சொத்தையான்னு ஊரே கேக்குதாம். மனுஷர் பென்ஷனுக்கு அலைஞ்சு ஏற்கெனவே நொந்து கிடக்காரு. அனுப்பி வைக்கிறேன், மாத்திக் குடுங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி வேலை அந்த மருத்துவரிடமிருந்துதான் வருகிறது. அது நின்றால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ரூமைக் குடுத்துடுங்க. எனக்குன்னு பாத்த ரூம் அது."

"வேலை முடிஞ்ச அன்னிக்கே ரூம் உனக்குத்தான். நான் சொன்ன சொல் மாறினதுண்டா?"

இயக்குநர் விஷயத்தை மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டார். நின்ற இடத்திலேயே விசாரணை நடத்தி, திட்டம் முடிந்தால் தூசி தானாக நின்றுவிடும் என்று கண்டுபிடித்தார். ஆகவே திட்டத்தை விரைவுபடுத்த, இனி வார நாட்களிலும் உப்புத்தாள் தேய்க்க உத்தரவாயிற்று.

அந்த உத்தரவு அமலுக்கு வருவதற்குள், "குறித்த காலத்தில் பணி முடித்தல்" என்ற பயிற்சி முகாமில் உரையாற்ற அலுவலகம் அவரை வெளியூருக்கு அனுப்பியது. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அந்த அலுவலகம் என்றுமே தவறியதில்லை.

அவர் கிளம்பிப் போன அன்று அவருடைய அக்கா வந்து இறங்கினாள். நேராகப் பின்னறைக்குப் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுல இன்னும் என்னதான் பாக்கி?"

"ஒரே ஒரு பட்டன் அண்ணி. சிவப்பு முடிவாகலயாம்."

அக்கா ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே சிவப்புப் பட்டன்கள், ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி ஒரே ஜாடையில் குவிந்து கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். மனைவி அதை ஓட்டையில் பொருத்தி, தொங்கிக்கொண்டிருந்த வயரைச் செருகினாள். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. சுவிட்சைப் போட்டதும் பெட்டி கண் திறந்து பாட்டுப் பாட, இரண்டு பேரும் பயத்தில் கத்திவிட்டார்கள்.

பெட்டியைக் கூடத்துக்குத் தள்ளினார்கள். அறையைக் கழுவித் துடைத்து, அச்சு, மெழுகு, பாலிஷ் மோட்டார் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். சன்னல் வழியாக இவ்வளவு வெளிச்சம் வரும் என்பதே மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது. அறையின் நடுவில் நின்று கொஞ்சம் அழுதாள். அக்கா பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

முகாம் முடிந்து, சால்வையும் கையுமாக இயக்குநர் வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தில் இரண்டு பெண்கள் தோளோடு தோள் நின்று விண்கலங்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு... யாரு அனுமதி குடுத்தது?"

"முடிஞ்சிடுச்சுங்க," என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சிவப்பு முடிவாகலயே!"

"அதை நான் முடிவு பண்ணிட்டேன்," என்றாள் அக்கா. "வாடா, ஒரு ஆட்டம் ஆடு."

ஆடினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இயக்குநரின் விண்கலங்கள் அத்தனையும் தூள் தூளாகிவிட்டன.

"சின்ன வயசுலயும் இதே கதைதான்," என்றாள் அக்கா மனைவியிடம். "வந்த வேகத்துல தோத்துட்டு, பட்டன் சரியில்ல, மெஷின் சரியில்லன்னு பக்கத்துல நின்னு புலம்புவான்."

வரலாற்றை இப்படித் திரித்துப் பேசுகிறவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் முடிந்துபோன பெட்டிக்கு முன்னால் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அவர் நின்ற நிலையைப் பார்க்க மனைவிக்கே பாவமாக இருந்தது.

பாவம் மறுநாள் காலையோடு போயிற்று. அவள் அறையில் அவர் அளவு டேப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"உன் மேஜை உயரமே சரியில்லையே. உனக்காக நானே ஒண்ணு செஞ்சு..."

மனைவி டேப்பைப் பிடுங்கினாள். "உங்களுக்காக ஒண்ணு செஞ்சப்பவே என் ரூம் போச்சு. எனக்காகன்னு ஆரம்பிச்சா வீடே போயிடும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எனக்காக எதையும் ஆரம்பிக்காதீங்க." பிறகு அவர் கையில் ஒரு சின்ன டப்பாவை வைத்தாள். "தபால்காரரோட பல்செட். பல்லை மாத்தியாச்சு. அவரு தினமும் உங்க ஆபீஸ்லதான் உக்காந்திருக்காராம். டாக்டரே சொன்னாரு. இதில்லாம எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சிட்டிருக்காரு மனுஷர். போனதும் குடுத்துடுங்க."

இயக்குநர் டப்பாவைத் திறந்தார். மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் காதோடு வைத்துத் தட்டிப் பார்த்தார். "'டிக்'குன்னு இல்ல கேக்குது? பரிசீலிச்சுட்டு..."

"ஏங்க!"

அந்தச் சத்தத்தில் அவர் அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தபால்காரர் வழக்கமான பெஞ்சில் இருந்தார். பல்லை வாங்கிப் பொருத்திக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு புள்ளி இல்லை.

"உங்க வீட்டம்மா மகராசியா இருக்கணும் சார். பல்லு வந்தாச்சு. இனி மெல்லறதுக்குத்தான் வரணும். என் பென்ஷன் ஃபைல்ல என்ன சார் பாக்கி?"

"ஒண்ணுமே இல்ல. ஒரே ஒரு முத்திரை. சிவப்பு மையில வைக்கணும். எந்தச் சிவப்புங்கறது இன்னும் முடிவாகல."

"எப்பதான் சார் முடியும்?"

"முடியறதுங்கறது ஒரு கட்டம்தான் ஐயா," என்றார் இயக்குநர், மிகுந்த கனிவோடு.

தபால்காரர் புதுப் பல்லை நறநறவென்று கடித்தார். இயக்குநரின் தேர்ந்த காது சட்டென்று விழித்துக்கொண்டது. எத்தனையோ ஒலிகளைக் கேட்டுத் திருப்பி அனுப்பியவர் அவர். அந்த ஒலியில் மட்டும் அவரால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.