ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனம்

"ஒரே பொட்டியில ரெண்டும் இருக்குமா? சண்ட போட்டுக்காதா?" என்று முதல் நாள் சுகாசினி கேட்டிருந்தாள்.

"ஒண்ணு இருக்கிறதே இன்னொண்ணுக்குத் தெரியாதுங்க" என்று வீரபத்திரன் சொல்லியிருந்தான்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமையாக ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும்போது, அந்தப் பதிலை நினைக்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

சுகாசினி, முசரவாக்கத்தில் வீட்டிலிருந்தபடியே பட்டுக்கடைகளுக்குக் கம்ப்யூட்டரில் புடவை பார்டர் வரைந்து கொடுப்பவள். அந்த சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும். தபாலில் படிக்கும் எம்.சி.ஏ.வுக்கோ லினக்ஸ் வேண்டும். இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்க வந்த மெக்கானிக் வீரபத்திரன், மனதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினான். 'உங்க வீட்டுக்கு எங்கம்மாவைப் பொண்ணு கேக்க அனுப்பட்டுமா?' என்ற ஒரே வரியை அன்றிலிருந்து வாயில் வைத்துக்கொண்டு அலைகிறான். வேலையை நன்றாக முடித்து, நல்ல பெயர் வாங்கிக்கொண்டு கேட்பதாகத் திட்டம்.

பெயர்தான் வரவில்லை.

முதல் வாரமே லினக்ஸ், விண்டோஸின் கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டது. புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு அவள் எடுத்த பிரிண்டில் பகல் பன்னிரண்டரை என்று விழுந்தது. கடைக்காரர் தாளைக் கையால் தொடவில்லை.

"ராகு காலத்துல எடுத்த டிசைனை தறியில ஏத்தச் சொல்றியாம்மான்னு கேக்கறாரு" என்றாள் சுகாசினி.

"கம்ப்யூட்டருக்கு ராகு காலம் தெரியாதுங்க."

"அவருக்குத் தெரியுது இல்ல?"

கடிகாரத்தைத் திருத்தினான். அடுத்த சனிக்கிழமை போன் வந்தது. விண்டோஸ் திறக்கவில்லை. அதை மறுபடி போட்டான். லினக்ஸ் காணாமல் போனது. லினக்ஸைத் தேடிப் பிடித்தான். அடுத்த சனிக்கிழமை, இரண்டுமே இல்லை. லினக்ஸ் கிளம்பும்போது 'LILO' என்று நாலெழுத்து வரவேண்டிய கறுப்புத் திரையில், எல், ஐ என்று இரண்டு எழுத்து மட்டும் நின்றது.

"ஏதோ சொல்ல வந்து பாதியில நிறுத்திக்கினு இருக்குது. சில பேர் மாதிரி" என்றாள் சுகாசினி.

வீரபத்திரன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இன்று போனபோதும் அதே இரண்டு எழுத்து. ஒரு மணி நேரம் போராடிவிட்டு எழுந்தான். இனி எந்த முகத்தோடு பெண் கேட்பது?

"மன்னிச்சிடுங்க. உங்க தொழிலையே கெடுத்துட்டேன். வேற நல்ல ஆளாப் பாத்துக்குங்க."

சுகாசினி கீபோர்டில் இல்லாத தூசியை ஊதினாள். காபியோடு வந்த அவள் அம்மா செல்லியம்மாள், டம்ளரை அவன் கையில் வைத்து அழுத்தினாள்.

"உக்காருப்பா. ஒவ்வொரு வாரமும் நீ தெரு முனை தாண்டறதுக்குள்ள, நீ விட்டுட்டுப் போன மிச்சத்த அவளே சரி பண்ணிக்கினு வேலையப் பாக்கறா. சனிக்கெழம ஆனா மறுபடி கலைச்சி வெச்சிட்டு உனக்குப் போன் போடறா. ஆடி மாசத்துல இந்தப் பேச்சு வேணாம்னு நானும் காபி போட்டுக்கினே வாயை மூடிக்கினு இருந்தேன். இன்னிக்கு ஆவணி பொறந்துடுச்சு. உங்கம்மாவை எப்பப்பா பொண்ணு கேக்க அனுப்பப் போற?"