ஏறிக்கொண்டே போன நொதி

நாற்பது டிகிரியில் துள்ளியெழுந்து வேலை செய்ய வேண்டிய நொதி, நாற்பத்தாறில்தான் கண் விழித்தது. நொதியார் வெந்நீர்த் தொட்டியில் சோதனைக் குழாய்களை இறக்கி மூன்று முறை சோதித்தார். மூன்று முறையும் நாற்பத்தாறு.

நாற்பது என்று போன வருடம்தான் கட்டுரை எழுதி அச்சேற்றியிருந்தார். வம்பே அதுதான்.

உயிர்வேதியியல் துறையில் அவருக்கு இந்தப் பட்டப்பெயர் விழுந்து இருபது வருடமாகிறது. எழுதிய கட்டுரைகள் ஒன்பது. மேற்கோள் காட்டியவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் அவரே. நூறு மேற்கோளாவது இல்லாமல் பேராசிரியர் பதவியைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று இயக்குநர் கையை விரித்துவிட்டார். இந்த அழகில் தப்பை வேறு ஒப்புக்கொள்வதா?

"யாரு படிச்சிருக்கப் போறாங்க? பேசாம இருங்க," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"யாரும் படிக்கலைன்னாலும் தப்பு தப்புதானே?"

"அப்ப எழுதித் தொலைங்க. பதவி போனா என்கிட்ட புலம்பக் கூடாது."

திருத்தம் வெளியானது. திட்டு வாங்கத் தயாராகக் கணினியைத் திறந்தவர் வாயைப் பிளந்தார். நூற்று நாற்பது ஆய்வுக்கூடங்கள் அவரை மேற்கோள் காட்டியிருந்தன! பெயர்கூட வாயில் நுழையாத ஊர்களிலிருந்தெல்லாம் எழுதியிருந்தார்கள்: "நாங்களும் நாற்பத்தாறே கண்டோம்."

நொதியாருக்கு உடம்பு சிலிர்த்தது. முகம் தெரியாத மனிதர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து தன் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள்! ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் படித்தார்.

"நல்லா இருக்கு. ஆனா ஒரு தடவை தப்பு பண்ணியிருக்கீங்க," என்றார் இயக்குநர். "அடுத்த வருஷம் இன்னொரு தடவை சோதிச்சுக் காட்டுங்க. பதவியை அப்புறம் பாக்கலாம்."

அடுத்த வருடம் சோதித்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஐம்பத்திரண்டு.

"உங்க நொதிக்கு ஒரு பேச்சுல நிக்கவே தெரியாதா?" என்றாள் மனைவி.

அழாத குறையாக இரண்டாம் திருத்தம் எழுதினார். நானூறு ஆய்வுக்கூடங்கள் "எங்களுக்கும் ஐம்பத்திரண்டு" என்றன. நிற்கவைத்தே பேசும் இயக்குநர், "உக்காருங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதற்கடுத்த வருடம் ஐம்பத்தெட்டு.

நொதியார் நாலு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். ஒரே நொதிக்கு நாலு கணக்குச் சொன்னால், பதவி இருக்கட்டும், இருக்கிற வேலையே நிலைக்குமா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் துணிந்து எழுதினார்: 'இந்த நொதி வருடத்துக்கு வருடம் வெப்பத்துக்குப் பழகிக்கொள்கிறது.'

அவ்வளவுதான். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு ஆய்வுக்கூடங்கள் ஆமோதித்தன. மறுத்தவர் ஒருவர்கூட இல்லை.

மனைவி மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உலகமே ஒண்ணாச் சொல்லுதுன்னா சும்மாவா? நீங்க பெரிய ஆளுங்க," என்றாள்.

நியமன ஆணையை இயக்குநர் ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுவந்தார். "தொள்ளாயிரத்துப் பன்னெண்டு இடம்! எல்லாருக்கும் ஒரே விடை! விஞ்ஞானத்துல இப்படி ஒரு ஒற்றுமையை நான் பாத்ததே இல்ல சார்," என்று ஆணையை நீட்டினார்.

தொட்டியைச் சரிபார்க்க மூன்று வருடமாக 'இதோ வரேன், அதோ வரேன்' என்று சொல்லிவந்த தொட்டிக் கம்பெனி மெக்கானிக்கும் அன்றைக்குத்தான் வந்திருந்தார். தொட்டிக்குள் தன் வெப்பமானியை விட்டுப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"பொட்டி மீட்டர் அம்பத்தெட்டுன்னு காட்டுது, தண்ணி நாப்பதுதான் இருக்கு. வருஷத்துக்கு ஆறு டிகிரி ஏத்திக் காட்டுது சார்."

இயக்குநரின் கை ஆணையோடு பாதியில் நின்றது. நொதியார் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

"இது... இது ஒண்ணு மட்டும்தானே இப்படி?"

"இந்த மாடல் எல்லாத்துக்கும் இதே வியாதிதான் சார். நல்லவேளை, உங்களோடது போக உலகத்துலயே மொத்தம் தொள்ளாயிரத்துப் பன்னெண்டுதான் வித்திருக்கோம்."