பெஞ்சில் இருந்த மச்சான்

"பேஷண்ட் யாரு, அண்ணாச்சி?"

தங்கபாண்டி பேசிய இந்தியைக் கேட்ட மாத்திரத்திலேயே சீட்டுப் பதியும் பெண் தமிழுக்கு மாறிவிட்டாள். தமிழ் முகமே தென்படக்கூடாது என்றுதான் தாராவியிலிருந்து ரயிலும் ஆட்டோவுமாக இந்த மனநல மருத்துவமனைக்கு வந்திருந்தார். மளிகைக் கடைப் பூட்டை நாளொன்றுக்கு நாற்பது முறை இழுத்துப் பார்க்கிறார். மூன்று வாரமாகக் கண் மூடவில்லை. ஞாயிறன்று மகள் தங்கமயிலுக்கு நிச்சயதார்த்தம். இங்கே வந்த செய்தி சம்பந்தி காதுக்கு எட்டினால் அதோடு சரி.

"எனக்கில்லம்மா. மச்சானுக்கு."

"எங்க அவரு? ஆளு நேர்ல வேணும்லா?"

அவருடைய விரல் தன்னிச்சையாகச் சுவரோர பெஞ்சைக் காட்டியது. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் அங்கே கைகட்டி அமர்ந்திருந்தார்.

"பேரு?"

"இ... இசக்கிராஜ்."

பெயர் அழைக்கப்பட்டதும் தங்கபாண்டி அவரை நோக்கிக் கும்பிடாத குறையாகக் கைகாட்டினார். சட்டைக்காரர் மறுபேச்சின்றி எழுந்தார். போகலாமென்று இந்தியில், "சலோ," என்றார்.

டாக்டர் ராஜலக்ஷ்மி மாட்டுங்கா ஐயர்வீட்டுத் தமிழில் விசாரித்தார். "என்ன பண்றார் உங்க மச்சான்?"

"கடைய விட்டு ரெண்டு எட்டு வச்சாம்னா, திரும்பிப் போயிப் பூட்ட இழுப்பான், டாக்டரம்மா. சோறு எறங்கல."

தம் உபாதைகளை ஒன்றுவிடாமல் மச்சான் தலையில் ஏற்றினார். தமிழ் புரியாத அம்மனிதர் ஒவ்வொன்றுக்கும் பணிவுடன் தலையாட்டினார்.

"ரொம்பத்தான் கஷ்டப்படறார். பத்து நாள் இங்கேயே இருக்கட்டும். நீங்க கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்கோ."

பேனா நீண்டது. மச்சான் படுக்கைக்குப் போகத் தயாராக எழுந்து நின்றார். இவருக்குப் பிள்ளைகுட்டி எத்தனையோ. ஒரு பாவமும் அறியாதவரை உள்ளே தள்ளிவிட்டு, எந்த முகத்தோடு மகளின் தாம்பூலத் தட்டை ஏந்துவது?

தங்கபாண்டி பேனாவைக் கீழே வைத்தார்.

"பூட்ட இழுக்கது நாந்தான், டாக்டரம்மா. இவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

டாக்டர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "எத்தனை நாளாத் தூக்கம் இல்லே?" என்றபடி புதுச் சீட்டில் எழுதலானார்.

மருந்துக் கவுண்டர்ப் பெண் ஆபிதா மாத்திரைகளை நீட்டினாள். தங்கபாண்டியின் கண் பெஞ்சுக்கே போனது. அம்மனிதர் மறுபடியும் அங்கே கைகட்டி அமர்ந்திருந்தார்.

"பாவம், அவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆளில்லையாம்மா?"

"அவரா? டியூட்டி முடிஞ்சா அவரே போய்டுவாரு. எனக்கில்லன்னு சொல்றவங்களுக்காக டாக்டரம்மாதான் அங்க உக்கார வச்சிருக்காங்க; இன்னிக்கு நீங்க நாலாவது மச்சான்."