பவாய் ஏரியில் போன பூணூல்

காற்றடித்தால் கனத்த நரம்பு, காற்றில்லாவிட்டால் மெல்லிய நரம்பு. தூண்டில் விஷயத்தில் இதுதான் சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். என் குடும்பம் மொத்தமும் எதிரே நின்று சிரித்தாலும் பின்வாங்கமாட்டேன். (நாங்கள் முட்டைகூடத் தொடாத குடும்பம் என்பது வேறு விஷயம்.)

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவிலிருந்து ரயிலேறி, ஃபோர்ட்டில் ஒரு கம்பெனிக்கு டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மெஷின் பூட்ட வந்த ஜப்பான் எஞ்சினியர், பயிற்சிக்கு ஒசாகா அழைத்துப்போக எங்களில் ஒருவனைப் பொறுக்கப்போகிறார் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. எனக்கு ஒசாகா வேண்டும். வெளியூர் என்று நான் பார்த்திருந்தது பாலக்காடு ஒன்றுதான்.

ஒருநாள் அவர், "மீன் பிடிப்பாயா?" என்று கேட்டார்.

"தினமும்" என்றேன்.

அவருடையது டென்காரா என்கிற ஜப்பான் முறை. ரீல் கிடையாது, புழு கிடையாது. நீண்ட மூங்கில் கம்பு, அதன் நுனியில் நரம்பு, நரம்பின் முனையில் இறகு சுற்றிய முள். நரம்பு தண்ணீரில் படாமல் முள் மட்டும் ஈ மாதிரி வந்து உட்கார வேண்டும். அன்றைய காற்றுக்குத் தகுந்த நரம்பை அவரவரே நூலில் முறுக்கிக்கொள்ள வேண்டுமாம், கம்புப் பக்கம் தடிமனாக, முள் பக்கம் மெலிசாக. "லீவு நாளில் பவாய் ஏரிக்குப் போவோம். உன் நரம்பை நீயே செய்துகொண்டு வா" என்று ஒரு கம்பையும் முள்ளையும் கொடுத்துவிட்டார்.

அந்த லீவு நாள் நாரளி பூர்ணிமா. பம்பாய் மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் போட்டுவிட்டு மறுபடி மீன்பிடிக்கக் கிளம்பும் நாள். எங்கள் வீட்டில் அதே நாள் ஆவணி அவிட்டம், பூணூல் மாற்றிக்கொள்ளும் நாள். பில்டிங் முழுவதற்கும் பூணூல் அப்பாவின் கைவேலைதான். கடைப் பூணூலை அவர் மதிக்கமாட்டார் ("மில் நூல்டா அது, தோள்ல நிக்காது"). ஆடி மாதம் முழுக்கத் தக்ளியில் நூற்று, முறுக்கி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். பிசிறில்லாத முறுக்கு நூல் பரண்மேல் இருக்கும்போது நான் வேறு எங்கே போய்த் தேடுவேன்?

முதல் நாள் சாயங்காலம் அப்பா கோவிலுக்குப் போனதும் டப்பாவைக் காலி செய்தேன். ஒரு பக்கம் கொத்தாகச் சேர்த்து, போகப்போகக் குறைத்து முறுக்கி, தண்ணீர் குடிக்காமலிருக்க நல்லெண்ணெய் தடவினேன். விடிந்ததும் மீனைப் பிடித்து ஒசாகாவை வாங்கிக்கொண்டு, சாஸ்திரிகள் வருவதற்குள் எல்லாவற்றையும் பிரித்துத் துவைத்துத் திரும்ப வைத்துவிடுவதாகத் திட்டம். (அந்த வயதில் மூளை அவ்வளவுதான்.)

பவாயில் அடித்த காற்று குடையைத் திருப்பிப் போட்டது. எஞ்சினியரின் மெல்லிய நரம்பு போன வேகத்தில் அவர் மூக்குக்கண்ணாடிக்கே திரும்பி வந்தது. என்னுடையது நேராகப் போய் நான் நினைத்த இடத்தில் உட்கார்ந்தது. காற்று தூக்காமலிருக்கக் கம்பைத் தாழ்த்தி, நரம்பில் ஒரு முழத்தைத் தண்ணீரிலேயே படுக்கவிட்டேன். அது யாரும் சொல்லித் தராதது, என் சொந்த யோசனை.

"என்ன நூல் இது?" என்றார்.

விளக்க இங்கிலீஷ் போதவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி, தோளில் கிடந்ததை இழுத்துக் காட்டினேன். அவர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். ஒசாகா கிடைத்த மாதிரிதான்.

அப்போது பார்த்து மீன் கடித்தது. கம்பை நிமிர்த்தினேன்; வளைந்தது; மீன் கரையோரம் வந்தது. ரீல் இல்லாத தூண்டிலில் நரம்பை இழுத்து மீனைக் கையால்தான் வாங்க வேண்டும் என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. "பிடி, பிடி" என்றார் அவர். பிடித்தேன். உள்ளங்கையில் அது உயிரோடு நெளிந்தது. அம்மா என்று அலறி மீனையும் கம்பையும் ஒன்றாக ஏரியில் விட்டெறிந்தேன். மீன் கம்பை இழுத்துக்கொண்டு பாசிக்குள் போயிற்று.

எஞ்சினியர் தன் நரம்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "நூல் தைரியமானது. ஆள் அப்படியில்லை" என்றார். ஒசாகாவுக்கு என் பக்கத்து மேஜைக்காரன் போனான். தூண்டிலைக் கண்ணால்கூடப் பார்த்திராதவன்.

வீட்டுக்கு வந்தால் பில்டிங் ஆண்கள் எல்லாரும் குளித்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கையில் காலி டப்பா.

"எங்கடா பூணூலெல்லாம்?"

"பவாய்ல இருக்குப்பா."

"பவாய்ல யாருக்குடா?"

"மீனுக்கு."

சாஸ்திரிகள் நிதானமாக, "கோத்திரம் கேட்டுண்டு போட்டயோ?" என்றார்.

அப்பா பக்கத்து பில்டிங்குக்குப் போய், கைநீட்டி, கடைப் பூணூல் வாங்கிவந்தார். என் ஒசாகா போனதுகூடப் போகட்டும். அவர் படியேறி வந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வலிக்கிறது.

ஆனால் மறுவருஷம் அவரே ஆரம்பித்துவைத்தார். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, ஒரு பூணூலைத் தனியாக எடுத்துவைத்து, "இது பவாய்க்காரனுக்கு. அவனும் வருஷா வருஷம் மாத்திக்கணுமோல்லியோ" என்றார். அவர் காலத்துக்குப் பிறகு என் மனைவி விடாமல் வைக்கிறாள். பேரன்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தலைகுனிவேன் என்று எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. "ஒண்ணு எப்படிடீ போறும்? இத்தனை வருஷத்துல அவனுக்குப் பேரன் பேத்தி வந்திருக்கும். கொத்தா வை" என்கிறேன் அவளிடம்.