சர்வருக்கு நாடி பார்த்தவர்

இரண்டாம் மாடியில் சர்வர் அறைக்கு வெளியே நிற்க இடமில்லை. கணக்குப் பிரிவு மொத்தமும் வந்திருந்தது. வரவேற்பாளர் மேசையைக் காலியாகப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். லிப்ட் இயக்குபவர் லிப்டை நிறுத்திவிட்டே வந்துவிட்டார். நோயாளிகள் படியேறட்டுமே, உடம்புக்கு நல்லதுதானே! நாடி மாஸ்டர் வருகிறார் என்றால் சும்மாவா?

அது ஒரு பெரிய மருத்துவமனை. மனிதர்களுக்கு நாடி பார்க்க அங்கே டாக்டர்கள் ஏராளம். மாஸ்டர் பார்ப்பது சர்வர்களுக்கு.

அந்த மருத்துவமனைக்குச் சொந்தமாக ஒரு கிளவுட் உண்டு. கிளவுட் என்றதும் அண்ணாந்து பார்க்காதீர்கள். குளிரூட்டிய அறையில் நிற்கும் நாலு சர்வர்கள்தான் அது. ஒவ்வொன்றுக்குள்ளும் பல மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது மென்பொருளாலேயே ஆன கணினிகள், ஒரே வீட்டில் பல குடித்தனம் மாதிரி. வீடு பழுதானால் குடித்தனத்தைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றலாம். அடுப்பைக்கூட அணைக்க வேண்டாம். அதற்கென்றே திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது.

ஆனால் சில மாதங்களாகப் பொத்தானை அமுக்கினால் இயந்திரம் நகர மறுத்தது. திரை சிவப்பு எழுத்தில் ஏதோ சொல்லும். அதை யார் படிக்கிறார்கள்? சிவப்பைக் கண்டதும் பதறிப்போய் மூடிவிட்டு மாஸ்டருக்குப் போன் போடுவார்கள். அவர் முதல் நாள் வந்து, தனியாக உட்கார்ந்து இயந்திரங்களோடு ‘பழகிவிட்டு’ப் போவார். மறுநாள் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வார். கண்ணைத் திறந்தால் இயந்திரம் இடம் மாறியிருக்கும். பிறகு அவர் பையும் கனத்திருக்கும்.

இந்தமுறை விஷயம் விளையாட்டில்லை. மூன்றாவது சர்வரின் விசிறி கரகரவென்று சாகக் கிடந்தது. ரத்த வங்கியின் இயந்திரம் அதற்குள்தான் இருந்தது. அது நின்றால் எந்தப் பை யாருக்கு என்று தெரியாது. அறுவை மேசையில் கிடப்பவர் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

சர்வர் அறையின் பொறுப்பாளருக்கு அலுவலகத்தில் ‘ஏன் அக்கா’ என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பவர். முந்தின நாள் காலையிலேயே மேலாளரிடம் போய் நின்றார்.

"சார், விசிறி இப்பவோ அப்பவோன்னு இருக்கு. உடனே மாத்திடலாம்."

"மாஸ்டர் வரட்டும்மா. கோவிச்சுக்கும்."

"யாரு சார், மாஸ்டரா மெஷினா?"

"ரெண்டும்தான்!"

அன்று மாலை மாஸ்டர் வந்து, வழக்கம்போல் தனியாகப் ‘பழகிவிட்டு’ப் போனார். மறுநாள் கூட்டத்துக்கு நடுவே மறுபடி வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார், போனை அணைக்கச் சொன்னார். மூன்றாவது சர்வர்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணைச் செருகினார்.

"அழுவுது," என்றார்.

"ஐயோ!" என்றது கூட்டம். கணக்குப் பிரிவு மூக்கை உறிஞ்சியது.

"ரத்த வங்கி மெஷின் இதுக்குள்ள சுருண்டு படுத்திருக்கு. போக மாட்டேங்குது. ரெண்டு வாரம் நான் தினம் வந்து பேசணும்."

"வாங்க மாஸ்டர், செலவைப் பத்தி யோசிக்காதீங்க," என்றார் மேலாளர். எதைப் பற்றியும் யோசிக்காத மனிதர், செலவைப் பற்றி மட்டும் எப்படி யோசிப்பார்?

ஏன் அக்கா முன்னால் வந்தார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க மாஸ்டர். இதுக்குள்ளதான் இருக்கா?"

"என் கையில துடிக்குதும்மா!"

"நிச்சயமா?"

"சத்தியமா!"

அவ்வளவுதான். ஏன் அக்கா சர்வரின் பின்னால் போய் மின்கம்பிகள் இரண்டையும் பிடுங்கிவிட்டார்.

சர்வரின் விளக்குகள் அணைந்தன. விசிறி அடங்கியது. மேலாளர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டருக்குத்தான் குரல் முதலில் வந்தது: "போச்சு! உசுரு போச்சு! இந்தப் பொண்ணு கொன்னுட்டா!"

ஏன் அக்கா மேசைத் தொலைபேசியில் ரத்த வங்கியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அங்கே வேலை பார்ப்பது அவருடைய அண்ணி.

"அண்ணி, கம்ப்யூட்டர் ஓடுதா?"

"ஓடாம என்ன? இப்பத்தான் ஆபரேஷனுக்கு ரெண்டு பை அனுப்பினேன். ஏம்மா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. இங்க ஒருத்தருக்கு நாடி விழுந்துடுச்சு."

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இன்னிக்குக் காலையிலேயே இதுல இருந்த எல்லா மெஷினையும் நாலாவது சர்வருக்கு மாத்திட்டேன். நீங்க எல்லாரும் வேலை பாத்துட்டேதான் இருந்தீங்க. யாருக்காவது தெரிஞ்சுதா? அவர் தடவினது வெறும் டப்பா."

"அப்ப இத்தனை நாளா ஏம்மா போகல?" மேலாளர் தரையிலிருந்தே கேட்டார்.

ஏன் அக்கா அவரைத் தூக்கித் திரை முன்னால் உட்காரவைத்தார். சோதனைக்கென்று வைத்திருந்த ஒரு இயந்திரத்தைக் காட்டினார். "பொத்தானை அமுக்குங்க. சிவப்பா வருதா? வாய்விட்டுப் படிங்க."

மேலாளர் எழுத்துக்கூட்டினார். "இந்த... இயந்திரத்தில்... உள்ளூர் சிடி கோப்பு மாட்டப்பட்டுள்ளது. அதை நீக்கியபின் மாற்றவும்."

"நீக்குங்க. இப்ப அமுக்குங்க."

பச்சைக் கோடு ஓடி முடிந்தது. இயந்திரம் இடம் மாறிவிட்டது. மேலாளர் தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சர்வர்ல மட்டும் இருக்கற கோப்பை மாட்டிவெச்சா மெஷின் அடுத்த சர்வருக்குப் போகாது சார். நேத்து மாஸ்டர் வர்றதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் அதை எடுத்துட்டேன். அவர் தனியா ‘பழகிட்டு’ப் போனதும் மறுபடியும் எல்லாத்துலயும் இருந்துச்சு. நீங்க கண்ணை மூடுவீங்க, இவர் கோப்பை எடுப்பார். அவ்வளவுதான் சக்தி."

மாஸ்டர் அசரவில்லை. "என் சக்திதான் காலையிலேயே தூரத்துலருந்து அதை நகத்திருக்கு!" என்றார். கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடத் தொடங்கின. நம் தலைகளுக்கு ஆடுவதுதானே தெரியும்.

"சரி மாஸ்டர்," என்றார் ஏன் அக்கா. "அப்ப இங்க அழுதது யாரு?"

மாஸ்டர் செருப்பைக்கூடத் தேடாமல் படியிறங்கினார். வாசலில் நின்ற காவலாளி அவரைப் பிடிக்கப் பின்னாலேயே போனார்.

கூட்டம் கலையும்போது கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் மேலாளரின் காதில் கிசுகிசுத்தார்: "இவர் போனா போறார் சார். வேற நல்ல மாஸ்டர் ஒருத்தர் இருக்கார், சொல்லட்டுமா?"

உயிரில்லாத இயந்திரம்கூடத் தனக்கு என்ன குறை என்று எழுதிக் காட்டுகிறது. உங்களுக்குப் படிக்கத்தான் மனமில்லை. மூளையைப் பயன்படுத்தினால் தேய்ந்துபோகும் என்று உங்களுக்கு எந்த மாஸ்டர் ஐயா சொன்னார்?