வெள்ளை டப்பா

அன்று காலையும் அடுக்களையில் மிக்ஸி ஓடி ஓய்ந்தது. வேதியியல் வாத்தியார் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தார். மனைவி வெள்ளை டப்பாவோடு வந்து, அரிப்புக்கு முதுகில் களிம்பு தடவினாள். தினமும் நடக்கிற காரியம். அவர் பேசுவதும் தினமும் நடக்கிறதுதான்.

"செடி கொடிய அரைச்சுப் பூசினா அரிப்பு போயிடுமாம். டாக்டர் எழுதின களிம்பு இருக்கறப்போ, ஆட்டுக்குப் போடற தழை மனுஷனுக்கு எதுக்கு?"

"அதானே," என்றாள் அவள். "கொஞ்சம் குனியுங்க."

சாயங்காலம் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள். மாரடைப்பு.

வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு அரிப்பு வந்தது. தேடினால், டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. களிம்பு டப்பாவைக்கூடக் கழுவி வைத்திருக்கிறாளே என்று அதை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தார். அதே பெயரில் புதிதாக ஒன்று வாங்கி, கை எட்டாததால் மரக்கரண்டியால் பூசிக்கொண்டார். அரிப்பு அசையவில்லை.

மருந்துக்கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார்.

"இது போலி. என் மருந்து கமகமன்னு இருக்கும். தடவினா முதுகு குளுகுளுன்னு ஆயிடும்."

அந்தக் களிம்புக்கு என்றைக்குமே வாசனை கிடையாது என்றார் கடைக்காரர். கலப்படக்காரனுக்கு வாய் வேறயா என்று வாத்தியார் கத்தியதில், அதைவிட வீரியமான ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். அதில் முதுகு தடித்துச் சிவந்தது. மறுநாள் கரும்பலகையில் முதுகைத் தேய்த்துக்கொண்டே அமிலங்களைப் பற்றிப் பாடம் நடத்தினார். திரும்பிப் பார்த்தால் பலகை காலி. பாடம் முழுவதும் சட்டையில் இருந்தது. வகுப்பு சிரித்தது.

வெளியூரிலிருந்து மகள் ஒரு க்ரீமோடு வந்தாள். மிளகாயின் காரச்சத்து சேர்ந்தது, துளியூண்டு தடவினால் போதும் என்றாள். மிளகாயும் செடிதானே என்று தள்ளிவிட்டார். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, பொறுக்கமாட்டாமல் முதுகு பூராவும் அப்பிக்கொண்டார். எரிந்ததும் வெந்நீரை ஊற்றினார். செய்யவே கூடாதது அதுதான். அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

"இந்த வீட்டுக்குள்ள இனி ஒரு இலை வரக்கூடாது," என்றார்.

"அப்ப அடுக்களை ஜன்னல்ல இருக்கற தொட்டியத் தூக்கிப் போட்டுடவாப்பா?"

"அது உங்கம்மா வெச்சது. அது வேற."

கடைசியில் தோல் டாக்டரிடம் போனார். உட்காரச் சொல்வதற்குள் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார்.

"கம்பெனிக்காரனும் ஏமாத்தறான், கடைக்காரனும் ஏமாத்தறான். இத்தனை வருஷம் என்னைக் காப்பாத்தின உங்க மருந்து எங்க சார் போச்சு? கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா?"

டாக்டர் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"அத ரொம்ப நாள் பூசினா தோல் மெலிஞ்சிடும்னு எப்பவோ நிறுத்தச் சொல்லிட்டேன் சார். ஓட்ஸ் மாவும் புதினாவும் அரைச்சுத் தடவிப் பாருங்கன்னேன். 'இலைன்னு தெரிஞ்சா இவர் முதுகையே காட்டமாட்டார், பழைய டப்பாவுலயே போட்டுக்கறேன்'னாங்க உங்க வீட்டம்மா. தினம் காலைல அரைப்பாங்களாமே." சட்டையை எடுத்துக் கொடுத்தபடி மெதுவாகக் கேட்டார். "அடுக்களை ஜன்னல்லயே புதினா வெச்சிருக்கேன்னாங்க. அந்தத் தொட்டி இன்னும் இருக்கா?"

இருந்தது.