திருப்பி அனுப்பிய மசோதா

மந்திரிசபையை யார் கலைக்கலாம் என்பது வால்வுக்கு மறுபடியும் மறந்துபோனது. முதல் நாள் சாயங்காலம் தலைகீழாக ஒப்பித்தவர், காலையில் பல் துலக்கிவிட்டு வந்து மகள் கேட்டபோது "நீதிபதி" என்றார். மகள் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தாள்.

வால்வு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. குடிநீர் அலுவலகத்தில் அவர் மேற்பார்வையாளர். அவர் திறந்துவிட்டால்தான் ஒரு காகிதம் அடுத்த மேசைக்குப் போகும் என்பதால், கூட வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. வீட்டுக்கும் அந்தப் பெயர் பொருந்துமா என்று மனைவியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்டதில்லை.

பதவி உயர்வுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. குழாய்க் கணக்கும் அலுவலக விதிகளும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அரசியலமைப்புத் தாள் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறதாம்; அதுதான் கண்ணில் விரலை விட்டு ஆட்டியது. எந்தத் தாளுக்கு என்ன படிக்க வேண்டும் என்று தனக்குக் கீழே இருக்கும் எழுத்தரிடம் போய் நிற்பது கௌரவக் குறைச்சல் என்று, அதைக்கூட மகளை அனுப்பித்தான் கேட்டார். பாடமும் அவளே எடுத்தாள்.

இத்தனைக்கும் அப்பாவும் மகளும் அப்போது முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. தொலைவில் வேறோர் ஊரில், ஓர் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். வால்வு ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஏன் என்று கேட்கிற வழக்கம் இல்லை. பரீட்சையைச் சாக்கிட்டாவது பிள்ளை வாய் திறந்தாளே என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

"இப்படி மனப்பாடம் பண்ணா நிக்காதுப்பா," என்றாள் மகள். "நம்ம வீட்டையே நாடுன்னு வெச்சுக்கலாம். நீங்கதான் நாட்டுத் தலைவர்."

அது அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. மனைவி மந்திரிசபை. வீட்டோடு இருக்கும் அவருடைய அக்கா, யார் சொன்னதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவள் என்பதால், உச்ச நீதிமன்றம். மகள் பொதுமக்கள். நாலு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் நாடாளுமன்றம்.

தலைவரின் முதல் ஆணை அன்றைக்கே பிறந்தது. தான் படிக்க வேண்டியிருப்பதால் இனித் தொலைக்காட்சி ஓடாது. மனைவி புத்தகத்தை வாங்கி, விரலை வரிமேல் ஓட்டி, நிதானமாகப் படித்தாள். மந்திரிசபை சொல்கிறபடிதான் தலைவர் ஆணை போட முடியுமாம். மந்திரிசபை அப்படி ஒன்றும் சொல்லவில்லையாம். வால்வு புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். அப்படித்தான் போட்டிருந்தது. கோபம் வந்தாலும், இந்த ஒரு கேள்விக்கு இனி விடை மறக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடுகிற பழக்கம் அவருக்கு ஏது? நாடாளுமன்றத்தைக் கூட்டினார். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார். உடனே நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தார். அதற்கும் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அதிலும் மூன்றுக்கு ஒன்று. ஜெயித்த மந்திரிசபை சூட்டோடு சூடாக இன்னொரு தீர்மானத்தையும் நிறைவேற்றியது: காலையில் குளியலறை முதலில் தலைவருக்கு என்ற வழக்கம் ரத்து.

மறுநாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூடிய கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே மகள் அவசரமில்லாமல் குளித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து மனைவி தினமும் நின்ற இடம் அது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தரை சில்லென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மிதியடிகூட வாங்கிப் போடவில்லை.

ஆனாலும் வழக்கு வழக்குதான். துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் தனியாகப் போய் உட்கார்ந்தார். குளியலறைத் தீர்மானத்தை நீதிமன்றம் ரத்து செய்தால் நன்றாயிருக்கும் என்று இழுத்தார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததையும் நினைவுபடுத்தி, நாளைக்கே கூட்டிப்போவதாக வாக்களித்தார்.

நீதிமன்றம் துணி மடிப்பதை நிறுத்தியது.

"நான் கேட்டு எவ்வளவு காலமாச்சு. உனக்கு ஒரு காரியம் ஆகணும்னாதான் என் கண்ணு ஞாபகம் வருதாடா?"

தீர்ப்பு சாப்பாட்டு மேசையில் வாசிக்கப்பட்டது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம், குளியலறை முந்தியவருக்கே. நீதிமன்றத்தை விலைபேசப் பார்த்த குற்றத்துக்குத் தலைவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். கண்ணாடிக்கும் கூட்டிப்போக வேண்டும். அது தனித் தீர்ப்பு.

தலைவர் பாத்திரம் கழுவினார். கூடத்தில் தொலைக்காட்சி ஓடியது. எதற்கோ மனைவி சிரித்தாள், வாய்விட்டு. அப்படி அவள் சிரித்துக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்தபடி ஒரே தட்டை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

உரிமைகள் பற்றிய அத்தியாயத்தைத் தாண்டிப்போய்விடலாம் என்று பார்த்தார். மகள் விடவில்லை. நிறையக் கேள்வி அதிலிருந்துதான் வரும் என்றாள். மேசையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். பேசலாம். கூடலாம். நாட்டின் எந்தப் பகுதிக்கும் தடையில்லாமல் போகலாம். எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம். விரும்பிய தொழிலைச் செய்யலாம். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இதெல்லாம் எப்பலேர்ந்து இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"எது?"

"இப்ப படிச்சீங்களே, அந்த உரிமையெல்லாம்."

"நமக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடிலேர்ந்தே இருக்கு."

"அப்படியா," என்றாள் அவள். "எங்கிட்ட யாரும் சொல்லலையே."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்துகொண்டதுபோல்தான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி என்று பெயர். அதற்கும் ஒரே ஒரு வேண்டாம்தான் சொன்னார். அவள் மறுபேச்சுப் பேசாமல் வீட்டில் இருந்துவிட்டாள். பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோமே என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் பொதுமக்கள் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். ஒற்றைத் தாள், ஒற்றை வரி. வேறு ஊருக்கு வேலைக்குப் போகலாம். மூன்றுக்கு ஒன்று என்று நிறைவேறிக் கையெழுத்துக்காகத் தலைவரிடம் வந்தது.

"மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம்," என்றார் வால்வு. புத்தகத்தைப் பார்க்காமல் அவர் சொன்ன முதல் சரியான விடை அதுதான். திருப்பி அனுப்பினார். மனைவி ஒருமுறை படித்தாள். அக்கா ஒருமுறை படித்தாள். ஒரு புள்ளிகூட மாறாமல் தாள் அவரிடமே திரும்பி வந்தது. இரண்டாவது முறை வந்தால் தலைவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அதுவும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது.

"போடலேன்னா?"

மகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "போடலேன்னா பரீட்சையில தப்புப்பா."

வேண்டாம் என்ற வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. இதுவரை அவரைக் கைவிட்டதே இல்லாத வார்த்தை. அன்றைக்கு அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. பேனாவை எடுத்தார். ஆயுசெல்லாம் கையெழுத்துப் போட்டே கை காய்த்தவர், அன்று பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைப் போட்டார்.

பேருந்து நிலையத்தில் பெட்டியை அவரே தூக்கி வந்து வைத்தார். முதலிலேயே சரி என்று சொல்லியிருக்கலாம், மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தார். வாயிலிருந்து வந்தது, கதவுப் பக்கம் உட்காராதே என்பதுதான். அவள் சரிப்பா என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

பிறகு வீட்டில் குளியலறைக்குப் போட்டி இல்லை. தலைவர் இருந்தார், மந்திரிசபை இருந்தது, நீதிமன்றம் புதுக் கண்ணாடியோடு இருந்தது, மக்கள்தான் இல்லை. மேசையில் உட்கார்ந்தால் யாருக்கும் எதன்மீதும் வாக்கெடுக்கத் தோன்றவில்லை. ஒரே ஓர் ஆறுதலைத்தான் வால்வு பிடித்துக்கொண்டிருந்தார். யாரும் மல்லுக்கட்டவில்லை, ஏமாற்றவில்லை; சட்டம் படித்து, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, நானாகத்தான் அவளை அனுப்பினேன்.

தேர்வு அனுமதிச் சீட்டு வாங்க எழுத்தரின் மேசைக்குத் தானே போனார். கௌரவமெல்லாம் கொஞ்சம் இளகியிருந்தது. அரசியலமைப்பில் எந்த மூலையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாரம்மா என்றார். சீட்டை நீட்டப்போன அந்தப் பெண்ணின் கை நின்றது.

"உங்களுக்கு அந்தத் தாளே கிடையாதே சார், பொண்ணை அனுப்பிக் கேட்டீங்களே, அப்பவே சொன்னேன், அதுக்குப் பொண்ணுதான் 'தெரியும்க்கா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, கேட்டா விடமாட்டாரு, படிச்சா விடுவாரு'ன்னுச்சு."